கிராணி மகள் கணக்குப் பார்க்கும் கம்பெனி

ரயில்வே குவார்ட்டர்ஸ்,
கோலா லிப்பிஸ்.
2.8.1993

அன்புள்ள மெய் ஃபோங்குக்கு,

சாப்பிட்டாயா? இதை முதலில் கேட்டு எழுதச் சொன்னது உன் அம்மா. எதிரே உட்கார்ந்து பயற்றங்காய் ஆய்ந்துகொண்டிருக்கிறாள். எழுதி முடித்ததும் முழுவதையும் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் உறையை ஒட்ட விடுவாள். படிக்கத் தெரியாதவளிடம் இவ்வளவு கெடுபிடி.

அக்டோபரில் எனக்கு ஐம்பத்தைந்து முடிகிறது. முப்பத்து நான்கு வருஷம் ரயில்வேயில் கூட்ஸ் கிராணியாகச் சரக்குக் கணக்கு எழுதியாயிற்று. பிப்ரவரிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்று கடிதம் வந்துவிட்டது. பயமில்லை, தாமானில் கட்டும் புது வீடுகளில் நம் வீட்டுக்குக் கூரை போட்டுவிட்டார்கள். ஜனவரி கடைசியில் மீதிப் பணத்தைக் கட்டினால் சாவி கையில். உன் அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டில் சிமெண்டுத் தூசியைப் பெருக்கிவிட்டு வருகிறாள். கொத்தனார்கள் மறுநாளே கொட்டிவிடுகிறார்கள். "நம்ம வீடுதானே, நான் பெருக்குறேன், உங்களுக்கென்ன?" என்கிறாள். ஏழு ஸ்டேஷனில் ஏழு குவார்ட்டர்ஸில் பெருக்கியவள், அதனால் நான் தடுப்பதில்லை.

இங்கே ஊரே பங்கு வாங்குகிறது. ஆ சூன் கோப்பிக்கடை டிவியில் இப்போது படம் ஓடுவதில்லை, பங்கு விலைப் பக்கம்தான் நாள் பூராவும். முடிதிருத்துபவர் பாதி வெட்டிய தலையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு விலை பார்க்க ஓடி வருகிறார். எல்லார் வாயிலும் ஒரே பெயர், கெலிந்தோங் மரக் கம்பெனி. நேற்று ஆ சூன் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"கிராணி, கெலிந்தோங் இன்னும் வாங்கலையா? நம்ம ஊரு மரம், உங்க யார்டுலதான் வேகன்ல ஏறுது. உங்க மகள் வேலை பாக்குற ஆபீஸ்தான் அவங்க கணக்கையும் பாக்குதாமே?"

எனக்கு இது புதுச் செய்தி. ஜூலைத் தொடக்கத்தில் வேலையாக இந்தப் பக்கம் வந்தபோது ஒரு வேளை சாப்பிட்டுப் போனாயே, அப்போதே சொல்லியிருக்கலாமே. சோற்றையும் பாதி வைத்துவிட்டாய் என்று அம்மாவுக்கு இன்னும் குறை.

ஒரே ஒரு வரி எழுது, வாங்கலாமா, வேண்டாமா.

உன் அப்பா


கோலாலம்பூர்
9.8.1993

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

சாப்பிட்டேன். அறையில் இருக்கிற நாங்கள் மூன்று பேரும் முறை வைத்துச் சமைக்கிறோம். என் முறை வரும் நாளில் மற்ற இருவரும் வெளியே சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.

அப்பா, நீங்கள் கேட்ட அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். எந்தக் கம்பெனியின் கணக்கைப் பார்க்கிறோமோ அதைப் பற்றி வெளியே நல்லதும் சொல்லக் கூடாது, கெட்டதும் சொல்லக் கூடாது. பெற்றவர்களிடமும் கூடாது. மீறினால் வேலை போவதோடு நிற்காது. எனக்கு அந்தப் பங்கை வாங்கவும் அனுமதி இல்லை.

ஆனால் எந்தப் பங்கை வாங்குகிறவரும் செய்ய வேண்டியதைச் சொல்லலாம். கம்பெனிக்கு எழுதிக் கேட்டால் ஆண்டறிக்கை அனுப்புவார்கள். முன்னால் இருக்கும் படங்களையெல்லாம் தள்ளிவிட்டு, பின்னால் இருக்கும் எண்களுக்குப் போங்கள். மூன்று வருஷ விற்பனையைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அதன் கீழே, விற்காமல் கையிருப்பில் இருக்கும் மரம் எவ்வளவு என்று எழுதுங்கள். இரண்டும் சேர்ந்து நடக்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம் நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஒரு வேகனில் பதினெட்டு மரம் என்று சீட்டில் எழுதியிருந்தால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், இறங்கிப் போய் எண்ணுவீர்கள். சின்ன வயதில் வெயிலில் உங்கள் பின்னால் குடை பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். பங்குக்கும் அதே கண்ணால் பாருங்கள், ஆ சூன் கண்ணால் வேண்டாம்.

அம்மா, அடுத்த முறை தட்டைக் காலி செய்கிறேன்.

மெய் ஃபோங்


கோலா லிப்பிஸ்
21.8.1993

அன்புள்ள மகளுக்கு,

நீ சொன்னபடி எழுதிக் கேட்டேன். ஆண்டறிக்கை வந்துவிட்டது. கல்யாண ஆல்பம் மாதிரி கனம். தலைவர் டத்தோ தலையில் தொப்பியோடு காட்டைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். ஆ சூன் கடையில் அது கை மாறிக் கை மாறி, அட்டை முழுக்கக் கோப்பிக் கறை. ஹாலிம்கூட வந்து புரட்டிப் பார்த்தான். நினைவிருக்கிறதா, பாயிண்ட்ஸ்மேன் ஹாலிம், உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சிக்னல் கம்பி வரை நடப்பானே, அவன்தான்.

பின்பக்கத்துக்கும் போனேன். எண்களுக்கு முன்னால் ஒரு தனித் தாள். இந்தக் கணக்குகள் உண்மையாகவும் நியாயமாகவும் இருக்கின்றன என்று உன் ஆபீஸின் கையெழுத்து. அதைக் கடையில் உரக்கப் படித்தேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தார்கள். உன் ஆபீஸே இப்படி எழுதிக் கொடுத்த பிறகு அதற்கு மேல் எண்ண நான் யார்? என் கண்ணாடியையும் மாற்ற வேண்டியிருக்கிறது, சின்ன எழுத்து ஓடுகிறது.

உனக்கு வாங்க அனுமதி இல்லை என்று எழுதினாய். ஆ சூனிடம் சொன்னேன். "பாத்தீங்களா? சமையல்காரன் வாயில போட்டுக்கக் கூடாதுன்னு பூட்டி வைக்கிறாங்கன்னா பண்டம் எவ்வளவு நல்லதா இருக்கணும்" என்றான். அவன் பேச்சை நான் முழுக்க நம்பவில்லை. ஆனாலும் யோசிக்க வைத்தது.

அம்மா அடுப்படிக்குப் பச்சை ஓடு என்று முடிவு செய்துவிட்டாள். சாதா ஓட்டைவிட அது கொஞ்சம் கூடுதல் விலை. பங்கில் கொஞ்சம் கிடைத்தால் அந்தச் செலவைத் தாங்கும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

உன் அப்பா


கோலாலம்பூர்
1.9.1993

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கோபத்தில் பதில் எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

அந்தக் கையெழுத்து, வாங்குங்கள் என்று சொல்லும் சிபாரிசு இல்லை. எங்களுக்குக் காட்டிய தாள்களையும் காட்டிய சாமான்களையும் நாங்கள் பார்த்தோம் என்பதுதான் அதன் அர்த்தம். காட்டாததைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. எல்லாக் கம்பெனிக்கும் அதே வாசகம்தான். அதை வைத்து எந்தப் பங்கையும் யாரும் வாங்கக் கூடாது.

கண்ணாடியை மாற்றுங்கள். மாற்றிய பிறகு அந்த இரண்டு எண்களைப் பாருங்கள். ஆ சூன் கடையில் வைத்துப் பார்க்காதீர்கள், வீட்டில் தனியாகப் பாருங்கள்.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது இதைச் சத்தமாகவே வாசியுங்கள். வீட்டுப் பணத்தைத் தொடாதீர்கள் அப்பா. பச்சை ஓட்டுக்கு நான் அனுப்புகிறேன்.

மெய் ஃபோங்


கோலா லிப்பிஸ்
13.11.1993

அன்புள்ள மெய் ஃபோங்,

இரண்டு மாதமாகக் கடிதம் போடவில்லை என்று அம்மா திட்டுகிறாள். ஓய்வு பெற்ற மனிதனுக்கு வேலை அதிகம் என்பது உனக்கு இப்போது புரியாது. பிரிவு விருந்தில் சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். முப்பத்து நான்கு வருஷம் வண்டி நேரம் பார்த்தவனுக்குக் கடிகாரம்.

சேமநிதிப் பணம் வந்தது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கெலிந்தோங் வாங்கிவிட்டேன். கொஞ்சம்தான் வாங்க நினைத்தேன். ஆனால் நான் தயங்கிய இரண்டு மாதத்தில் விலை ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. கொஞ்சமாக வாங்கினால் கொஞ்சம்தானே கிடைக்கும் என்று முழுவதையும் போட்டேன். வாங்கின பத்து நாளில் இன்னும் ஏறியிருக்கிறது. சீனப் புத்தாண்டுக்கு முன்னால் விற்று, வீட்டுக்குக் கட்டிவிட்டு, மிச்சத்தில் உனக்கு ஒரு பழைய கார் வாங்கித் தருகிறேன். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகாதே.

உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். நீ எழுதியதையும் மறக்கவில்லை. ஆனால் யோசித்துப் பார், அந்தக் கம்பெனியில் ஏதாவது கோளாறு என்றால் என் மகள் எனக்குச் சொல்லாமல் இருப்பாளா? தாளில் ஆயிரம் கையெழுத்துப் போட்டிருந்தாலும் எப்படியாவது சொல்லியிருப்பாய். நீ பொதுவாகப் புத்தி சொல்கிறாய். படித்த பிள்ளைகள் எல்லாரும் பெற்றவர்களுக்குச் சொல்வதுதான். இதை நினைத்துத்தான் தைரியமாக வாங்கினேன்.

ஹாலிமும் வாங்கினான். அவனும் மனைவியும் ஹஜ்ஜுக்குச் சேர்த்த பணம். நான் வாங்கச் சொல்லவில்லை. வந்து கேட்டான், "கிராணி, நீங்க போட்டிருக்கீங்களா?" போட்டிருக்கிறேன் என்றேன். "மெய் ஃபோங் ஆபீஸ்தானே பாக்குது?" என்றான். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் பேச்சு. இப்போது கடையில் அந்தப் பங்கின் பெயரையே யாரும் சொல்வதில்லை. "கிராணி மகள் கணக்குப் பாக்குற கம்பெனி இன்னிக்கு என்ன விலை?" என்றுதான் கேட்கிறார்கள்.

உன் அப்பா


கோலாலம்பூர்
18.11.1993

அன்புள்ள அப்பா,

கார் வேண்டாம். பாதியையாவது விற்று இப்போதே வீட்டுக்குக் கட்டிவிடுங்கள். லாபத்தில்தானே இருக்கிறீர்கள். இதற்கு மேல் என்னை எழுத வைக்காதீர்கள்.

விற்க மாட்டேன் என்றால் ஒன்று செய்யுங்கள். டிசம்பர் 16ஆம் தேதி பங்குதாரர் கூட்டம், இங்கே ஹோட்டலில். ஒரு பங்கு வைத்திருப்பவரும் எழுந்து கேள்வி கேட்கலாம். கேட்டால் அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும், அது எழுத்தில் பதிவாகும், பத்திரிகைக்காரர்களும் இருப்பார்கள். கேட்க வேண்டியதை எழுதித் தருகிறேன். "விற்பனை ஏறவில்லை. கையிருப்பு மரம் மட்டும் மூன்று வருஷத்தில் எப்படி இரண்டு மடங்கு ஆனது? அது எங்கே இருக்கிறது? பங்குதாரர்கள் போய்ப் பார்க்கலாமா?"

இது ரகசியம் இல்லை. இந்த வருஷத்துக்கு இப்போது வந்திருக்கும் புது ஆண்டறிக்கையின் எண்கள்தான். யார் வேண்டுமானாலும் கேட்கலாம். யாரும் கேட்கவில்லை, நீங்கள் கேளுங்கள் அப்பா.

மெய் ஃபோங்


கோலா லிப்பிஸ்
19.12.1993

அன்புள்ள மகளுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். கூட்டம் முடிந்து உன்னிடம் இரண்டு வார்த்தை பேசலாம் என்று வாசலில் நின்றேன். நீ கோப்புகளைத் தூக்கிக்கொண்டு உன் முதலாளிகளோடு பின்கதவு வழியாகப் போய்விட்டாய். வேலை நேரம், தப்பாக நினைக்கவில்லை.

உன் கல்யாணத்துக்கு என்று வாங்கி வைத்த தோல் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தேன். அங்கே போனால் பாதிப் பேர் ரப்பர் ஜப்பான் சிலிப்பரில் வந்திருக்கிறார்கள். வாசலிலேயே ஆளுக்கொரு குடை, கம்பெனி பெயர் போட்டது, அப்புறம் ஒரு பொட்டலம் கோழிச் சோறு. எனக்கு முன்னால் நின்ற அம்மாள் கைப்பைக்குள் இன்னொரு பையைப் பிரித்து நாலு பொட்டலம் போட்டுக்கொண்டாள். "அங்கிள், நாளைக்கு இன்னொரு கம்பெனி கூட்டம் இருக்கு, பிளாஸ்க் குடுக்குறாங்க, வாங்க" என்று விலாசம்கூடச் சொன்னாள். ஒவ்வொரு கம்பெனி கூட்டத்துக்கும் போய்ச் சாப்பிடுவதே அவர்களுக்குத் தொழில். எண்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

உன் கேள்வியைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். நான்கு முறை தனியாகச் சொல்லிப் பார்த்துப் பாடம் பண்ணியிருந்தேன். டத்தோ "கேள்வி ஏதாவது?" என்றதும் கையைத் தூக்கினேன். மைக்கையும் கொண்டு வந்து கொடுத்துவிட்டார்கள். எழுந்தபோதுதான் உன்னைப் பார்த்தேன். மேடைக்குப் பக்கத்தில் உன் ஆபீஸ்காரர்கள் மேசை. அதன் கடைசி நாற்காலியில் நீ, கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு. என் மகள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று கத்த வேண்டும் போல இருந்தது.

நீ என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாய். எனக்குச் சுருக்கென்றது. நீங்கள் சரி என்று கையெழுத்துப் போட்ட கணக்கை, உன் முதலாளிகள் முன்னால், உன் சொந்த அப்பனே எழுந்து நின்று சரியா என்று கேட்டால் உன் முகம் என்ன ஆகும்? நாளைக்கு ஆபீஸில் உன்னை என்ன பேசுவார்கள்? ஊர்க்காரர்கள் யாரும் தங்கள் பிள்ளைக்கு அப்படிச் செய்ய மாட்டார்கள். மைக் கையில் இருக்கிறது, எல்லாரும் பார்க்கிறார்கள். வாயில் வந்ததைக் கேட்டேன்.

"அடுத்த வருஷமும் கூட்டம் இதே ஹோட்டல்லதானா?"

அரங்கமே சிரித்தது. டத்தோவும் சிரித்தார். "ஆமா அங்கிள், கண்டிப்பா வாங்க, சாப்பாடு இன்னும் நல்லா போடுவோம்" என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன். உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு நிம்மதி.

குடையை அம்மா எடுத்து வைத்துக்கொண்டாள்.

உன் அப்பா


கோலாலம்பூர்
24.12.1993

அப்பா,

நான் தலை குனிந்தது வெட்கத்தால் இல்லை. நீங்கள் கேட்கப் போகிறீர்கள் என்று தெரிந்ததும் வாய்க்குள் வேண்டிக்கொண்டேன், உதடு அசைவது தெரியாமல் இருக்கத்தான் குனிந்தேன். என் வாழ்க்கையில் எதற்கும் அப்படி வேண்டிக்கொண்டதில்லை. நீங்கள் ஹோட்டலைப் பற்றிக் கேட்டீர்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் சிரித்தார்.

என் முகத்தைப் பற்றி உங்களை யார் கவலைப்படச் சொன்னது?

விற்றுவிடுங்கள். எல்லாவற்றையும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே. எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை, எழுதிவிட்டேன்.

மெய் ஃபோங்


கோலா லிப்பிஸ்
8.1.1994

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு வாசிக்கும்போது கடைசிப் பத்தியைக் கொஞ்சம் மென்மையாக்கி வாசித்தேன். வேலை அதிகம், எரிச்சலாக இருக்கிறாள் என்று சொல்லிவைத்தேன்.

இந்த வாரம் விலை கொஞ்சம் சறுக்கியிருக்கிறது. எல்லாப் பங்கும்தான் சறுக்குகிறது, கெலிந்தோங் மட்டுமில்லை. இப்போது விற்றால் வாங்கின விலைக்கே வராது. இறக்கத்தில் விற்பவன் ஏமாளி என்று ஆ சூனின் தரகர் சொல்கிறார். நான் மட்டும் விற்றுவிட்டு வெளியே வந்தால் ஹாலிம் முகத்தில் எப்படி விழிப்பது? கிராணி விற்றார் என்றால் மறுநாள் கடையில் அத்தனை பேரும் விற்பார்கள், விலை இன்னும் விழும். இன்னும் இரண்டு வாரம் பார்க்கிறேன். தாமான்காரர்கள் வீட்டுப் பணத்துக்கு 31ஆம் தேதி வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

ஓடு பதித்தாகிவிட்டது. பச்சை நன்றாகத்தான் இருக்கிறது.

உன் அப்பா


கோலாலம்பூர்
28.1.1994

அப்பா,

இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதீர்கள். தனியாக எடுத்துப் போய்ப் படியுங்கள்.

திங்கட்கிழமை கெலிந்தோங் பங்கு வியாபாரத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள் என்று பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். கடன் கொடுத்த வங்கியின் ஆட்கள் கிடங்குக்குப் போயிருக்கிறார்கள், கணக்கில் இருக்கும் மரத்தில் கால்வாசிகூட அங்கே இல்லை. பங்கு இனிமேல் காகிதம்தான். இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஜூலையிலிருந்தே தெரியும்.

ஜூன் 30ஆம் தேதி பெந்தா கிடங்கில் மரம் எண்ணினேன். எண்ணியதையே திரும்ப எண்ணிவிடாமல் இருக்க ஒவ்வொரு மரத்தின் வெட்டுவாயிலும் சிவப்புக் கிரேயானால் ஒரு சின்னக் கோடு போட்டேன். உங்களிடம் கற்ற பழக்கம், நீங்கள் சாக்பீஸால் போடுவீர்கள். மூன்று நாள் கழித்து குவா மூசாங் கிடங்கில் எண்ணினேன். அங்கே கிடந்த மரங்களிலும் என் சிவப்புக் கோடு இருந்தது. சுரண்டிப் பார்த்திருக்கிறார்கள், பிளவுக்குள் ஓடியிருந்த கோட்டைச் சுரண்ட முடியவில்லை. நாங்கள் வருவதற்குள் லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்கள். ஒரே மரத்தை இரண்டு இடத்தில் எண்ணிவிட்டு வந்தேன்.

மேலதிகாரியிடம் சொன்னேன். "கிரேயானை யாரு வேணும்னாலும் கடையில வாங்கலாம். பரீட்சைக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்குல்ல? அதை ஒழுங்கா எழுதி முடி" என்றார். நான் எழுதி வைத்த குறிப்பைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டார். எண்ணிக்கைத் தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அன்று மாலைதான் உங்களிடம் வந்து சாப்பாட்டில் பாதி வைத்தேன்.

ரகசியத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று உங்களுக்கு எழுதினேன். அது உண்மை. ஆனால் அது மட்டும் காரணமில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன், கணக்காளர் பட்டம் கிடைக்காமல் போய்விடும் என்று பயந்தேன். வெளியே போய்ச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. அதனால் என் வாயால் கேட்க முடியாததை உங்கள் வாயால் கேட்க வைக்கப் பார்த்தேன். நீங்களே ஆராய்ந்து பாருங்கள், எண்களைப் பாருங்கள் என்று மாதக்கணக்கில் எழுதினேன். மரம் இல்லை என்று ஆறு எழுத்தில் சொல்லியிருக்கலாம். என் மகள் எப்படியாவது சொல்லியிருப்பாள் என்று நீங்கள் எழுதிய கடிதம் என் தலையணைக்கடியில்தான் இருக்கிறது.

9ஆம் தேதி, சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்கு முந்தின நாள் வண்டியில் வருகிறேன். அம்மாவிடம் நானே சொல்கிறேன், ஹாலிம் மாமா வீட்டுக்கும் போய்ச் சொல்கிறேன். அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

மெய் ஃபோங்


கோலா லிப்பிஸ்
4.2.1994

மெய் ஃபோங்,

ஞாயிற்றுக்கிழமை ஹாலிம் வந்தான். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை, படியில் நின்றான். பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தான். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"கிராணி, மெய் ஃபோங்குக்கு இது தெரியுமா?"

"தெரியாது ஹாலிம். சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா எனக்குச் சொல்லியிருக்கும்" என்றேன்.

"அப்ப சரி. அந்தப் புள்ளைக்கே தெரியலைன்னா நமக்கு எங்க தெரியப் போவுது? அல்லா எழுதுனது அவ்வளவுதான்" என்றான். போகும்போது, "அது வருத்தப்பட்டுக்கிட்டு இருக்கும், நீங்க ஏதும் திட்டி எழுதாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தனியாகப் படி என்று உள்ளே எழுதினால் எப்படி? உறையைப் பிரித்தபோதே அம்மா எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டாள். பெருநாள் பலகாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள், கையைக்கூடக் கழுவவில்லை. நான் கண்ணால் ஓட்டிக்கொண்டு போனேன். "என்ன, வாயே திறக்கலை? புள்ள என்ன எழுதியிருக்கு?" என்றாள். அதனால் வாசித்தேன். நீ எழுதாத ஒரு கடிதத்தை, உன் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசி வரை வாசித்தேன். அம்மா, எனக்கு ஒன்றும் தெரியாமல் போய்விட்டதே என்று நீ அழுவதாக வாசித்தேன். ஆபீஸில் விசாரணை நடப்பதால் பெருநாளுக்கு லீவு இல்லை என்று வாசித்தேன். எனக்கு இவ்வளவு சரளமாகப் பொய் வரும் என்று அன்றுதான் தெரிந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது என்ன பண்ணும் பாவம். வீடு போனா போவுது, புள்ளைய ஒண்ணும் செஞ்சிடாம இருந்தா சரி" என்றாள்.

புதன்கிழமை யார்டுக்குப் போனேன். என் இடத்தில் வந்த பையனிடம் பழைய வேகன் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்துதான் எல்லாப் பக்கமும். போன வருஷம் நான் ஓய்வு பெறும் வரை கெலிந்தோங் மரம் ஏறிய வேகன் முப்பத்தொன்பது. அதற்கு முந்தின வருஷம் இருநூற்றுப் பதினொன்று. ஒவ்வொன்றையும் நானே எழுதியிருக்கிறேன், ஆண்டறிக்கை வந்த ஆகஸ்டு மாதத்திலும் எழுதியிருக்கிறேன். வண்டி வரவில்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வரவில்லை என்பதை ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. கூட்டிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. நீ ஒரு எழுத்து எழுதியிருக்கத் தேவையில்லை. நான் யார்டைப் பார்க்கவில்லை, எண்ணைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்து வாங்கினேன். அந்தத் தப்பு என்னுடையது. ஹாலிமுக்கும் அது என் மூலமாகத்தான் போய்ச் சேர்ந்தது.

ஆனால் கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். இருக்கிறது. வேலைக்குப் பயந்தாய், அது எனக்குப் புரிகிறது, நானும் முப்பத்து நான்கு வருஷம் பயந்தவன்தான். ஹோட்டலில் நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றதை நினைத்தால்தான் தாங்கவில்லை. உன் முகம் கெடக்கூடாது என்று நான் கோமாளி ஆனேன். நீ எல்லாம் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாய்.

வீட்டைத் தாமான்காரர்கள் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆ சூன் கடை மாடியில் ஒரு அறை இருக்கிறது, இம்மாதக் கடைசியில் அங்கே போகிறோம். உன் மேல் யாருக்கும் வருத்தமில்லை. கடையில் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறார்கள். ஆனால் உன்னைப் பற்றிக் கேட்கும்போது எல்லாரும் பாவம் என்றுதான் கேட்கிறார்கள். நம் வீட்டில் இப்போது மிஞ்சியிருப்பது அந்த ஒன்றுதான்.

அதனால் பெருநாளுக்கு வராதே. உனக்குப் பொய் சொல்ல வராது, சின்னப் பிள்ளையிலிருந்தே வராது. அம்மா உன் முகத்தைப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவாள். ஹாலிம் வீட்டுக்குப் போய்ச் சொல்லுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். சொன்னால் உனக்குப் பாரம் இறங்கும். அவனுக்குப் பணமும் போய், பிள்ளையாக நினைத்த நீயும் போவாய். அவனிடம் செய்த சத்தியத்தை நான் செத்த பிறகு வேண்டுமானால் நீ உடைத்துக்கொள்.

அடுத்த வருஷம் வரலாமா என்று கேட்காதே. எனக்குத் தெரியவில்லை.

கடிதம் மட்டும் தவறாமல் போடு. வராவிட்டால் அம்மா தூங்க மாட்டாள். அவளுக்கு வாசித்துக் காட்டக் கூடியதாக எழுது.

அப்பா